கண்ணாயிரம் செய்த தாழ்ப்பாள்

தானே புயலுக்குப் பிறகு சிதம்பரம் பக்கத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒன்று பிய்ந்து கிடந்தது. காலையில் நம் வீட்டில் இருக்கும் கொத்தனார் மதியம் வேறு தெருவுக்குப் போய்விடுவார். தனக்கு முன்னால் வந்தவர் என்ன செய்தார், பின்னால் வருகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

கண்ணாயிரத்தை நீங்கள் பிடித்து வரவில்லை, அவரே காலையில் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். தான் செய்த தாழ்ப்பாள்தான் என் மச்சானைக் கொன்றது என்கிறாராம். அவர் நல்ல வெல்டர். அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லத்தான் வந்தேன்.

என் மனைவி லூர்து மேரி போய் மூன்று வருடமாகிறது. அவளுடைய அண்ணன் அந்தோணிசாமிக்கு மஸ்கட்டில் வேலை. சர்க்கரை வியாதியில் ஒரு கால் போன பிறகு ஊருக்குத் திரும்பி, வேறு யாரும் இல்லாததால் என்னிடம் வந்தார். கிள்ளை சாலை வீட்டில் பின்கட்டு அறையை அவருக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர். பேசுவார், அவ்வளவுதான்.

நான் முப்பத்தோரு வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். நானும் மேரியும் ஒரு மாலை முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவள் எனக்கு விட்டுப்போனது அந்த மௌனம் ஒன்றைத்தான். அதற்குள் ஒருவர் கோல் ஊன்றி நடந்துகொண்டே இருந்தார். காப்பி குடிப்பதற்குள் "மச்சான், இதக் கேளேன்" என்று தொடங்கினால் விளக்கு அணைக்கும்வரை கேட்கவேண்டும்.

நெருப்புக் குழி அவருடைய ஆசை. என்னுடையதல்ல.

"புயல்ல வுழுந்த மரம் எவ்ளோ கெடக்குது பாரு மச்சான். தோட்டத்துல வட்டமா ஒரு குழி கட்டிட்டா, சாயந்தரத்துல நெருப்பு போட்டு நாலு பேரு சுத்தி உக்காந்து பேசலாம். மஸ்கட்ல நாங்க அப்டித்தான். நீ பேச வாணாம். உம் கொட்டு, போதும்."

நாலு பேர் என்றார். அந்தச் சொல்லை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்கட்டின் ஓடுகளைப் புயல் கொண்டுபோயிருந்தது. மாசியில் இருசம்மாளை அழைத்துக் கீற்று வேயச் சொன்னேன். நிழலுக்காகக் கூரையைத் தாழ்த்தி இறக்கச் சொன்னேன். போகும்போது அவள், "வெயில் காலம் வருது சார். மதியத்துல ரெண்டு கொடம் தண்ணி தெளிச்சி வுடு. மறந்துடாத" என்றாள். மறக்கவில்லை. தினமும் தெளித்தேன்.

பங்குனியில் கோவிந்தசாமி வந்து செங்கல் அடுக்கிக் குழி கட்டினார். வேலையை நிறுத்திவிட்டு அளந்து பார்த்தார்.

"என்னா சார், கூரைக்கும் குழிக்கும் ஆறடிகூட இல்ல. காத்தடிச்சா?"

"அடுத்த வாரம் ஓடு மாத்திடுவோம்ப்பா."

"அப்ப சரி" என்றார். அடுத்த வாரம் அவர் புவனகிரியில் வேறு வேலையில் இருந்தார்.

கண்ணாயிரம் கடைசியாக வந்தார். மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அறைக்குள் நாய் புகுந்துவிடுகிறது என்றேன். கதவின் வெளிப்பக்கம் கீழ்த் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரையும் அவர்தான் மாட்டினார். "சார் மாதிரி முன்ஜாக்கிரதையா இருக்கவங்க ரொம்பக் கம்மி" என்றார். மச்சான் அங்கேயே நின்றுகொண்டு, "புக்கு எரிஞ்சிடும்னு பயம்யா அவருக்கு. நம்மளப் பத்தி இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சித்திரை இரண்டாம் வியாழன். மதியம் சாப்பிட்டு மச்சான் படுத்தார். அன்று கூரைக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. மூன்று மணிக்குக் கடல்காற்று எழும். அதற்குச் சற்று முன் குழியில் சருகையும் காய்ந்த சவுக்கு மிலாறுக் குச்சிகளையும் போட்டுப் பற்றவைத்தேன். தோட்டத்தில் குப்பை எரிப்பது தப்பில்லை. கூடத்துக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார். அலறவில்லை. காப்பி கேட்பதுபோலத்தான்.

"மச்சான், கதவு மாட்டிக்கிச்சி போல. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"படிக்கிறியா? சரி, பக்கத்த முடிச்சிட்டு வா."

அந்தப் பக்கத்தை முடித்தேன். அடுத்ததையும் படித்தேன். அதற்குப் பிறகு வந்தது பேச்சல்ல. அக்கம்பக்கத்தார் ஓடி வருவதற்குள் கூரை உள்ளே இறங்கிவிட்டது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு நானும் ஓடினேன். காற்றில் கதவு அறைந்து தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும் என்று தீயணைப்பு வீரர்களிடம் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். கண்ணாயிரமும் நம்பிவிட்டார்.

இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பேரும் தனித்தனியாக வந்தார்கள். காய்ந்த கீற்றைக் கொடுத்துவிட்டேன் என்று இருசம்மாள் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அளந்து பார்த்தும் கட்டினேனே என்று கோவிந்தசாமி என் காலைத் தொட்டார். கண்ணாயிரம் நேராகப் பின்கட்டுக்குப் போனார். சாம்பலைக் கிளறித் தன் தாழ்ப்பாளைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஆளுக்கு ஒரு முழுக் கொலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மூவரையும் மன்னித்தேன். பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாயிரத்தின் தாழ்ப்பாள் தானாக விழாது. கம்பி மேலே தங்குவதற்கு அழகாகப் பள்ளமாய்க் காடி வெட்டியிருந்தார். மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் கதவை நூறு முறை அறைந்து பார்த்தேன். ஒரு முறைகூட விழவில்லை. வேலை சுத்தம். அன்று குனிந்து அதைப் போட்டவன் நான்.

வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. நான் கேட்டது அதைத்தான், அது கிடைத்துவிட்டது. மூன்று மணிக்கு மட்டும் படிக்க முடிவதில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய், கதவு இருந்த இடத்தில் குனிந்துவிட்டு வருகிறேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

கண்ணாயிரத்தை அனுப்பிவிடுங்கள். இன்னும் ஒன்று. அவர் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்தத் தாழ்ப்பாளில் கம்பி கீழே இறங்கியபடியே இருக்கிறது. நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். மச்சானுக்கு மூச்சு முட்டும்.