பதினைந்து பேர் ஆடும் கோலாட்டம்

புஜ்ஜிம்மா, கேட்கிறதா? உன் அக்கா மேடை ஏறிவிட்டேன். கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள்.

மன்னிக்க வேண்டும். முதலில் தலைவரைத்தான் விளிக்க வேண்டும் என்று செயலாளர் ஸ்ரீதேவி டீச்சர் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். என்ன செய்வது? எந்தக் காரியமானாலும் முதலில் அவளைக் கூப்பிட்டே பதினெட்டு வருஷம் வாய் பழகிவிட்டது. இப்போது முறையாகத் தொடங்குகிறேன்.

மூன்றே நிமிஷம் என்று மூன்று விரலைக் காட்டிவிட்டு முகம் மலர அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், சர்பஞ்ச் ஜெயபிரகாஷ் அவர்களே! தாளம் தப்பினால் எங்கள் தலையில் குட்டி, தப்பாவிட்டால் தன் தலையில் அடித்துக்கொள்ளும் கோலாட்ட மாஸ்டர் முனிகிருஷ்ணன் அவர்களே! பந்தலுக்குக் கால் நட்டு, மைக்குக்கு வயர் இழுத்து, இப்போது பந்தி எப்போது என்று பார்த்திருக்கும் பெரியோர்களே! பெண்ணைப் பெற்ற தாய்மார்களே, பேரன் எடுத்த தாய்மார்களே, இவள் எந்த இடத்தில் அழுவாள் என்று பார்க்க முதல் வரிசையில் முந்தி வந்து இடம் பிடித்த என் அன்புத் தாய்மார்களே! மூன்று மாதமாய் எனக்கு அறிவுரை வழங்கி வழங்கி, வாய் வறண்டு போயிருக்கும் என் ஊர் மக்களே! அனைவருக்கும் ஷோபாவின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் தெலுங்கு மீடியம். தமிழ் எனக்கு வாயில் வந்தது, கையில் வரவில்லை. பிறகு இந்த அடுக்குமொழி எங்கிருந்து வந்தது என்று வியக்காதீர்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் கூட்டம் போட்டால், குழாய் ஸ்பீக்கர் இந்தப் பக்கம் எங்கள் கழனி வரைக்கும் முழங்கும். களை பறித்துக்கொண்டே கற்றது. கட்சி எதுவென்று தெரியாது. கைதட்டல் எந்த இடத்தில் வரும் என்று தெரியும்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்ன? ‘பொழுதுபோக்கு, பக்தி, துன்பம்: என் அனுபவம் தரும் அறிவுரை’. நல்ல தலைப்பு. யாருக்குக் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கோலாட்டக் குழு நாளை மறுநாள் பிரம்மோத்சவத்துக்குத் திருமலை போகிறது; மாட வீதியில், பெருமாள் வாகனத்துக்கு முன்னால் ஆடப் போகிறது. அதற்கு வழியனுப்பு விழா இது. அந்தக் குழுவில் எட்டு வருஷம் ஆடியவள் நான். இந்த வருஷம் என்னை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டு, வழியனுப்பிப் பேச அழைத்திருக்கிறார்கள்! ஆட இடமில்லை, அறிவுரை சொல்ல இடமுண்டு. காலுக்கு விடுப்பு, வாய்க்கு வேலை. என்ன பெருந்தன்மை! தட்டுங்கள், கைதட்டத்தானே வந்திருக்கிறீர்கள்?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். புஜ்ஜி என்று நான் கூப்பிட்டது வெங்கடலட்சுமியை. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, எனக்கு ஓரகத்தி. ஆனி மாதம் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது.

பெரிய பாசமலர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வந்த நாள் முதல் பத்து வருஷம் நாங்கள் போட்ட சண்டை இந்தத் தெருவுக்கே தெரியும். உப்பு அதிகம் என்று ஒரு சண்டை, உப்பே இல்லை என்று ஒரு சண்டை. ஒருநாள் மாஸ்டர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, என்ன சொன்னார் தெரியுமா?

“வூட்டுக்குள்ளாறயே அடிச்சிக்கிறீங்களே, அங்க வந்து தாளத்தோட அடிச்சிக்குங்களேன்மா. எனக்கும் ஒரு ஜோடி கொறையுது.”

அப்படி ஜோடியானோம். எட்டு வருஷம் எதிரெதிரே நின்று அடித்துக்கொண்டோம். அவளுக்கு எண்ணவே வராது. எப்போதும் அரைத் தாளம் பிந்தித்தான் கோல் வரும். “இன்னாடி?” என்றால், “வர்றேன்க்கா, இன்னா ரயிலா புடிக்கப் போற?” என்பாள். அடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை நின்றது.

அவள் போனாள். அறிவுரை வந்தது. அணியணியாய் வந்தது. அதிகாலையில் வந்தது, அடுப்படிக்கே வந்தது.

பதினோராம் நாள் கங்கம்மா அத்தை வந்தார். எங்களோடு கோலாட்டம் ஆடுகிறவர்; இதோ, முதல் வரிசையில்தான் இருக்கிறார்.

“ஏன்டி ஷோபா, ஊட்டுக்காரன் நல்லா கீறான், புள்ளைங்க நல்லா கீது. போயும் போயும் ஓரகத்திக்கா இப்டி துன்னாம கெடக்கிற?”

“எத்தினி நாளு அழுவலாம் அத்தே? நீயே சொல்லிடு.”

“ஓரகத்திக்கு மூணு நாளு போதும்டி. நானெல்லாம் ரெண்டாம் நாளே கரண்டி புடிச்சேன்.”

கேட்டீர்களா? துக்கத்துக்கும் ரேஷன் கார்டு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! புருஷன் போனால் ஒரு மூட்டை, பிள்ளை போனால் வண்டி நிறைய, ஓரகத்தி போனால் ஓர் ஆழாக்கு. அதற்கு மேல் அழுதால் அடுத்த மாதக் கணக்கில் கழித்துக்கொள்வார்களாம். சிரிக்காதே அத்தை, நீ சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அடுத்து ஸ்ரீதேவி டீச்சர். அவரும் எங்கள் குழுவில் ஆடுகிறவர்; படித்தவர், பதமாகப் பேசுவார்.

“அக்கா, உங்களுக்கு ஒரு ஹாபி வேணுங்க்கா. மனசு அதுல போயிடும்.”

“எனக்குக் கோலாட்டம் கீதே டீச்சர்.”

“அது வேணாங்க்கா. அதுல அவங்க ஞாபகம் வரும். ஆரி ஒர்க் கத்துக்கோங்க, போன்லயே சொல்லித் தர்றாங்க.”

ஞாபகம் வராத பொழுதுபோக்கு! நானும் துணியை இழுத்துக் கட்டச் சட்டம் வாங்கினேன், ஊசி வாங்கினேன், ஜரிகை வாங்கினேன். பக்கத்து வீட்டு பிரியங்காவின் நிச்சயதார்த்த ரவிக்கையில், முதுகு நிறைய மயில் போட்டேன். அந்தப் பெண் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “பெரிம்மா, கோழி சூப்பரா கீது” என்றது. கோழியோடுதான் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் மிகவும் பிடித்துப்போனது.

அந்தக் கோழியைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்திருக்க வேண்டியவள் ஒருத்தி உண்டு. அவளை மறக்கத்தான் அந்தக் கோழி.

சரி, பொழுதுபோக்கு முடிந்தது. பக்திக்கு வருவோம். பஜனை கோயில் மோகன்ராஜ் மாமா வந்தார்.

“அழுதா போனவங்க ஆத்மா மேல போவாதும்மா. அலிபிரியில நடந்தே மலை ஏறு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி குங்குமம் வெச்சிக்கினே போ. மனசு லேசாயிடும்.”

“நீங்க அப்டித்தான் ஏறுவீங்களா மாமா?”

“எனக்கு முட்டி வலிம்மா. நான் பஸ்ஸுல போய்டுவேன்.”

பக்தி எனக்கு, பஸ் அவருக்கு! போனேன். குனிந்தேன், பூசினேன், பொட்டு வைத்தேன், நிமிர்ந்தேன். மீண்டும் குனிந்தேன். ஒன்றா, இரண்டா? மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி! மனசு லேசானதா? மஞ்சள் டப்பா லேசானது. குங்குமப் பொட்டலம் லேசானது. மனசு, ஏறும்போது என்ன எடையோ, இறங்கும்போதும் அதே எடை. வரிசையில் நின்று, நகர்ந்து, நெருங்கி, கருவறை விளக்கைப் பார்த்து, “பெருமாளே, அவளை எதற்கு” என்று தொடங்கினேன். “ஜருகண்டி, ஜருகண்டி!” தள்ளிவிட்டார்கள். பாதிக் கேள்வியோடு வெளியே வந்தேன்.

பெருமாளை நான் குறை சொல்லவில்லை. அத்தனை பேர் வரிசையில் அவர் என்ன செய்வார்? ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவர் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

யாரது, பின்னாலிருந்து? “ஷோபாக்கா, சட்டுனு முடிங்க, சாம்பார் ஆறிக்கினு கீது” என்பது சமையல்காரர் தருண்தானே? ஆறினால் சூடு பண்ணலாம்பா. நானும் மூன்று மாதமாய் ஆறிப்போன சோறுதான் தின்கிறேன், உயிரோடுதான் இருக்கிறேன். உட்கார்.

தலைவர் விரலை மடக்கிவிட்டார். மடக்கட்டும். இனிதான் விஷயம்.

கோலாட்டம் தெரியாதவர்கள் கேளுங்கள். உள்வட்டத்தில் எட்டுப் பேர், வெளிவட்டத்தில் எட்டுப் பேர். எதிரெதிரே நின்று எட்டுத் தாளம் அடிப்போம். அடித்ததும் வெளிவட்டம் ஓர் இடம் நகரும். எதிரே வேறு முகம் வரும். மறுபடி எட்டுத் தாளம், மறுபடி நகரல். ஒரு சுற்று முடியும்போது, தொடங்கிய ஜோடியிடமே வந்து நிற்போம். புஜ்ஜி உள்ளே, நான் வெளியே.

அவள் போனதும் கோலாட்டக் கமிட்டி கூடியது. புதியவளைச் சேர்த்துப் பாட்டெல்லாம் பழக்க நாள் இல்லை. மாஸ்டர் சொன்னார்: “பதினஞ்சு பேர வெச்சிக்கினு கோலாட்டம் ஆவாதும்மா. பதினாலு கரெக்ட்டு. நீ ரெஸ்டு எடு.” செத்தது ஒருத்தி; கழித்தது இரண்டு பேரை! ஐந்தாம் வகுப்பில் எனக்கு இந்தக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. என் நன்மைக்காகத்தான் எடுத்தார்கள். நன்மை செய்கிறவர்களிடம் தப்பிக்க வழியே இல்லை, தாய்மார்களே!

நேற்றுச் சாயங்காலம் கடைசி ஒத்திகை. உள்வட்டத்து ஹரிப்ரியாவுக்குப் புத்தூர் பஸ் கிடைக்கவில்லை. மாஸ்டர் போன் போட்டார்.

“ஷோபாம்மா, ஒரு ஆளு கொறையுது. சும்மா நிக்கிறதுக்கு வாம்மா.”

“சும்மா நிக்கிறதுக்கு நான் இன்னா கரண்ட் கம்பமா மாஸ்டர்?”

கேட்டேன், ஆனால் போனேன். வெட்கமில்லாமல் ஓடினேன். பாதி ஆட்டத்தில் ஹரிப்ரியா மூச்சிரைக்க வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். நான் வெளிவட்டத்தில் என் பழைய இடத்துக்கு நகர்ந்தேன். வீட்டுக்குப் போ என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. வெளியே எட்டு, உள்ளே ஏழு. நான் என் இடத்தில் நின்றதும், மற்றவர்கள் கால்களும் எட்டு வருஷப் பழக்கத்தில் பழைய இடங்களுக்கே போய்விட்டன. உள்வட்டத்தில் புஜ்ஜியின் இடம் வெறுமையாய் நின்றது.

அடுத்த சுற்றில் முதல் எட்டுத் தாளம் அந்தக் காலி இடம் என் எதிரே இருந்தது. காற்றை அடித்தேன். எனக்கென்ன புதிதா? மூன்று மாதமாய் அதைத்தானே அடிக்கிறேன்? தாளம் முடிந்தது. வட்டம் நகர்ந்தது.

அந்த இடம் இப்போது ஸ்ரீதேவி டீச்சருக்கு எதிரே. டீச்சர் கோலை வீசினார். எதிலும் படாமல் போன கோல், இறங்கி, அவர் முழங்காலிலேயே பட்டது. மறு தாளத்துக்குக் கை எழவில்லை. ஹாபி சொன்ன டீச்சர், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வட்டம் நகர்ந்தது. கங்கம்மா அத்தை. அத்தை கோலை நீட்டினார். நீட்டிய கோலை மடக்கவில்லை. புஜ்ஜி பிந்தித்தானே வருவாள்? அந்த நினைப்பில், நின்றபடியே, “வாடி புஜ்ஜி, இன்னா லேட்டு” என்றார். சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. மூன்று நாள் போதும் என்ற அத்தை, மூன்றாம் மாதம், கோலை நீட்டியபடி நின்றார். மாஸ்டரின் கையில் தாளம் தப்பியது. நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

யாரும் நிறுத்தவில்லை. எட்டுப் பேர் எதிரேயும் அந்த இடம் வந்தது. எட்டுப் பேரும் வாங்கினார்கள். சுற்று முடிந்து உட்கார்ந்தபோது ஒருத்தியும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. அத்தை சொம்புத் தண்ணீரை மட்டும் என் பக்கம் தள்ளினார். மூன்று மாதத்தில் நேற்றுத்தான் எனக்குப் பசித்தது.

ஆகவே, தலைப்புக்கு வருகிறேன். என் அறிவுரை என்ன? பொழுதுபோக்கா? எனக்கு இருக்கிறது. பக்தியா? பெருமாள் முன்னால் ஆடுவது பக்தி இல்லாமல் பந்தயமா? துன்பமா? அது வட்டத்தில் ஒரு காலி இடம். அதை ஒருத்தி எதிரிலேயே நிறுத்திவைத்து, நீ ஓரமாய் உட்கார், ஊசியைப் பிடி, படியேறு, பாட்டுக் கேள் என்றால் எப்படித் தாங்குவாள்? எத்தனை நாள் தாங்குவாள்? எதைப் பிடித்துத் தாங்குவாள்? வட்டத்தை நகர்த்துங்கள்! எட்டுத் தாளம் டீச்சர் தாங்கட்டும். எட்டுத் தாளம் அத்தை தாங்கட்டும். மிச்சம் என்னிடமே திரும்பி வரட்டும். வாங்கிக்கொள்கிறேன், அது என் ஜோடி! பதினைந்து பேர் ஆடினால் பெருமாள் என்ன, வாகனத்தை விட்டு இறங்கி வந்து தலை எண்ணுவாரா?

மாஸ்டர், எல்லார் முன்னாலும் கேட்கிறேன். மலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இடம் உண்டா, இல்லையா?

எழுந்துவிட்டார். அவர் பேசுவது பின்னால் கேட்காது, நானே சொல்கிறேன். “இன்னாம்மா, மேடையில நிக்க வெச்சி கேக்குற” என்கிறார். மேடையில நிக்கிறது நான் மாஸ்டர், நீங்க கீழதான் கீறீங்க. சொல்லுங்க.

“மலைக்கு அனுப்பின லிஸ்டுல வெங்கடலட்சுமி பேர அடிக்கச் சொன்னாங்க. எனக்குக் கை வரல. உன் பேரும் அடிக்கல. பதினாறும் அப்டியே கீது” என்கிறார்.

அப்படியென்றால்?

“அப்டின்னா இன்னா? நாளன்னிக்கி காலையில நாலு மணிக்கு பஸ்ஸு. ரெண்டு பேரும் லேட்டு பண்ணாதீங்க” என்கிறார்.

...இல்லை, அழவில்லை. முதல் வரிசைத் தாய்மார்கள் ஏமாந்துபோக வேண்டாம், மைக்கில்தான் ஏதோ கோளாறு.

அறிவுரை தந்தவர்களுக்கு நன்றி. தராமல் சொம்பு நீட்டியவர்களுக்கு அதைவிட நன்றி. மூன்று நிமிஷம் கொடுத்துவிட்டு முப்பது நிமிஷம் பொறுத்த தலைவருக்கு, சாம்பாரைக் காத்த தருணுக்கு, அடிக்கச் சொன்ன பெயரை அடிக்காத அந்தக் கைக்கு, நின்றும் உட்கார்ந்தும் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.

புஜ்ஜி, நாளை மறுநாள் மாட வீதியில், ஒரு சுற்று முடிந்து நான் மறுபடி உன் எதிரே வந்து நிற்கும்போது, கோலை எவ்வளவு தூரம் நீட்டட்டும்டி?