நானாவின் லொறிக்கு நான் சொன்ன பல்

வெயிலுக்குள் வந்திருக்கிறீர்கள், ஷிஃபானா மகள். முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள். நான் கொஞ்சம் புத்தகம்போலப் பேசுவேன். அதிகம் வாசித்து, ஆட்களோடு குறைவாகக் கதைக்கிறவனுக்கு வரும் குறை அது.

வாப்பாவின் லொறிக்கு என்ன பழுது என்று கேட்டீர்கள். ஒரு பழுதும் இல்லை. உப்புவெளி மணலில் புதையாமல் மீன் ஏற்றுவதற்காக உங்கள் வாப்பா ஸெய்னுதீன் நானா பெரிய டயர் போட்டார். மணலில் நன்றாக ஓடியது. பாரத்தோடு ஓர்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போதுதான் லொறிக்கு மூச்சு வாங்கியது. நீட்டி நீட்டி அடி வைத்து மேடு ஏறுகிறவனுக்கும் அப்படித்தான்.

அதற்கு மருந்து பின் அச்சில் இருக்கிறது. அங்கே ஒரு சோடிப் பற்சக்கரம், எங்கள் பேச்சில் பல். சின்னது எத்தனை தரம் சுற்றினால் பெரியது ஒரு தரம் சுற்றும் என்பதுதான் கணக்கு. அந்த லொறியில் நாலு தரத்துக்குச் சற்று மேல். புது டயருக்கு ஐந்து போதும். ஆறுக்கு மேல் சுற்றும் சோடியும் உண்டு. அதைப் போட்டால் லொறி யானைபோல இழுக்கும். ஆனால் பெருந்தெருவில் இஞ்சின் கத்துமே தவிர வேகம் வராது. பழைய பாகம் விற்கிறவன் நான், இது தெரியாதா.

வாப்பா பின்நேரம் தவறாமல் இந்தக் கடைக்கு வருவார். அவர் கதைப்பார், நான் வாசிப்பேன்.

ஒருநாள் என் பேரைச் சொல்லிக் கேட்டார். “என்ன குணம், ஒரு கிழமையா அதே பக்கத்தையே பாத்துட்டு இருக்கீங்க? படம் ஏதும் கிடக்கா அதில?”

“நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தா எப்பிடி நானா வாசிக்கிறது?”

“அப்ப நான் போகட்டா?”

“மழை வரப்போகுது. இருங்கோ.”

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். நல்ல வெயில். கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் வேறு கதை கொண்டுவந்தார். “ஷிஃபானாவுக்குப் பிள்ளை கிடைக்கப்போகுது. லொறியோட தெஹிவளைக்கு, மகள் வீட்டுக்கே போயிடப்போறன், குணம். அங்க இருந்து கருவாடு ஏத்தி ஓட்டலாம். எந்தப் பல்லுப் போட்டா நல்லம்?”

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். யோசிக்கிறேன் என்று அவர் நினைத்தார். யோசித்தேன்தான்.

ஆறுச் சோடியைச் சொன்னேன். காரணங்களும் சொன்னேன். கந்தளாய் தாண்டினால் ரோட்டில் யானை நிற்கும், மெதுவாகப் போகிறவன் தப்புவான். உங்கள் வாப்பாவின் உயிரில் எனக்கு அக்கறை இருக்கிறது. ஐந்துச் சோடி இல்லையா என்று மெக்கானிக் தவராசா கேட்டார். பல் வெடித்துவிட்டது என்றேன். அவர் ஆறையே பூட்டினார். உங்கள் கதிரைக்குப் பின்னால், அந்தச் சாக்குக்குள் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். ஒரு பல்லும் வெடிக்கவில்லை.

வாப்பா பேரப்பிள்ளைக்கான தொட்டிலையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டார். கந்தளாய்க் குளக்கட்டுக்குப் போவதற்குள் இஞ்சின் கொதித்துவிட்டது. சைக்கிளில் போன ஒருவர் கையைக் காட்டிவிட்டு முந்தினாராம். திரும்பி வந்து, “இந்த லொறிக்கு ஊரை விட்டுப் போக மனமில்ல, குணம்” என்றார்.

“ஓம் நானா, அதுக்கும் ஒரு மனசு இருக்கும்தானே” என்றேன்.

உங்கள் மகனின் முகத்தை இந்த மேசையில் வைத்துத்தான் பார்த்தார், கைத்தொலைபேசியில். கண் கலங்கிவிட்டது. தொலைபேசி சரியாமல் இருக்க என் புத்தகத்தால் முட்டுக்கொடுத்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரிந்துதான். அதற்காக அவருடைய கதை இல்லாமல் எனக்கு ஏலாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அமைதியை விரும்புகிறவன். கந்தளாய்க்குப் போய் அவர் வராத அந்த ஒரு நாள் கடை நல்ல அமைதியாகத்தான் இருந்தது. அன்றும் பக்கம் புரளவில்லை. அது புத்தகத்தின் குறை.

லொறி கிடக்கட்டும், நாளைக்கே வாப்பாவை முனாபின் கொழும்பு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறீர்கள். நல்ல முடிவு, மகள். முனாப் கவனமான ஆள். போன கிழமை அந்த பஸ்ஸுக்கும் பெரிய டயர் போட்டார். எந்தப் பல் பொருத்தம் என்று என்னிடம்தான் வந்து கேட்டார்.