‘அதிர்ஷ்ட அருவி’க்குப் பொருத்தமான குரல்

பாத்திரத்திலே பளபளப்பையும் பேச்சிலே சுருக்கத்தையும் விரும்புகிற அவைத்தலைவர், பாத்திரக்கடை அதிபர் மாதவன் அவர்களே! துபாய்க்குப் போய் ஒரு வீடியோ கேமராவோடு திரும்பிவந்து, அருப்புக்கோட்டை வீடுகளுக்கெல்லாம் கேபிள் கம்பி இழுத்துவிட்ட அன்புத் தம்பி முஸாஃபர் அவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தகைசால் பெரியோர்களே! மாலைத் தொடர்களை மறந்துவிட்டு வந்திருக்கும் மாண்புமிகு தாய்மார்களே! பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வந்து, இங்கேயும் தூணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவர்க்கும் என் அன்பு வணக்கம்.

நம்ம ஊர் கேபிளின் ‘அதிர்ஷ்ட அருவி’ நிகழ்ச்சிக்கு இன்று நூறாவது வாரம். குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம்போட்டு வைக்கிற ஊரிலே, நிகழ்ச்சிக்குப் பெயர் அருவி! பெயர் வைத்தவர் தலைவர். பொருத்தம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தவரும் அவரே. அவருடைய துணிச்சலை நான் வணங்குகிறேன்!

பொருத்தம் பார்ப்பதிலே நமக்கு நிகர் யார்? மணமகளுக்கும் மணமகனுக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வண்டிக்கு மாடு பார்க்கிறோம், வாசலுக்குக் கதவு பார்க்கிறோம், சேலைக்கு ரவிக்கை பார்க்கிறோம். அதற்காக ஆறு கடை ஏறி இறங்குகிறோம். (அங்கே ஓர் ஐயா, ‘ஏழு’ என்கிறார். அனுபவம் பேசுகிறது!) ஆனால், வாரந்தோறும் நம் வீட்டுக்குள்ளே வந்து கேள்வி கேட்கிற அறிவிப்பாளருக்கும் அவருடைய நிகழ்ச்சிக்கும் பொருத்தம் பார்த்தது யார்?

எண்பதுகளை எண்ணிப்பாருங்கள். தெருவுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு சேனல். சேனலுக்கு ஒரு வினாடி வினா. அறிவிப்பாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். “வினா எண் நான்கு” என்பார். போட்டியாளரோ கூண்டிலே ஏறிய குற்றவாளிபோல் கைகட்டி நிற்பார். “உங்கள் விடை தவறு” என்று அவர் சொல்லும்போது, ஆயுள் தண்டனையா, ஆறு மாதமா என்று வீட்டிலிருக்கும் நாம் நடுங்குவோம். பரிசு என்ன? ஒரு பேனா! ஆனாலும் அவையோரே, அது பொருத்தம். அறிவைச் சோதிக்க ஒரு நீதிபதி வந்தார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் வந்தன. சேனல்கள் முளைத்தன. அறிவிப்பாளர்கள் வந்தார்களா? இல்லை, பாய்ந்தார்கள்! ஓடிவந்து நின்றார்கள், நின்ற இடத்திலே குதித்தார்கள், குதித்தபடியே கூவினார்கள். கோலப் போட்டிக்கு வந்த அம்மையார் கோலத்தை மிதித்துக்கொண்டே நடந்தார். குழந்தைகள் போட்டிக்கு வந்தவர் போட்ட கூச்சலிலே குழந்தை அழுதது. “பாருங்கள், எவ்வளவு உணர்ச்சி!” என்று அதற்கும் கைதட்டச் சொன்னார்! இதையெல்லாம் பார்த்துச் சிரித்தோம் நாம். சிரித்த நம் ஊரிலே என்ன நடந்தது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலே ‘அதிர்ஷ்ட அருவி’ தொடங்கியது. பரிசுகளைத் தருபவர் தலைவர். கேள்விகளை எழுதித் தருபவன் நான். நேரம் முடிந்தால் மணியடிப்பவர் ட்யூஷன் டீச்சர் சௌந்தரம் அம்மா. மணி என்றால் மணியல்ல. தலைவர் கடைப் பித்தளைத் தாம்பாளம். அதைக் கரண்டியால் ஒரு தட்டு. ஒலியும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று!

அறிவிப்பாளர் யார்? தலைவரின் தங்கை மகன் தம்பி ஆனந்தகுமார். இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். “நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க சார்” என்று அவரே கேட்டுக்கொண்டதால்தான் நான் வாய் திறக்கிறேன். தம்பி சென்னையிலே மூன்று மாதம் இருந்தவர். போகும்போது பேசத் தெரிந்துதான் போனார். வரும்போது இரண்டே சொற்களோடு வந்தார். ஒன்று ‘வாவ்’. இன்னொன்று ‘சூப்பர்’.

“உங்க பேரு?”

“தங்கம்மாங்க.”

“வாவ்! எந்த ஊரு?”

“பாலவனத்தம்.”

“சூப்பர்! என்ன பண்றீங்க?”

“சும்மாதான் இருக்கேன்.”

“வாவ்! கைதட்டுங்க!”

தட்டினோம். பெயருக்குத் தட்டினோம், ஊருக்குத் தட்டினோம், சும்மா இருந்ததற்கும் தட்டினோம்! எங்களுக்கும் பழகிவிட்டது, எங்கள் கைகளுக்கும் பழகிவிட்டது.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மேடையேறினார் பரளச்சி கிராமத்து அழகுத்தாய். முப்பத்தைந்து வயது. மழை பெய்தால் காட்டு வேலை, பொய்த்தால் தையல் வேலை. சொந்தமாக மெஷின் இல்லை. தினமும் பஸ்ஸேறி அருப்புக்கோட்டைக்கு வந்து, ஒரு கடையிலே உட்கார்ந்து ரவிக்கை தைத்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பெரிய பரிசு ஒரு தையல் மெஷின். மேடையிலே பூமாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அம்மா எங்களைப் பார்க்கவில்லை. அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து கேள்விகள். நான்குக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்! மண்டபம் எழுந்து நின்றது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதற்கு முன்னால் சற்று நேரம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது நிகழ்ச்சியின் மரபு. கொடுத்தார் தம்பி.

“வீட்டுக்காரர் வந்திருக்காரா? அவர் பேரச் சொல்லுங்க, கேமராவப் பாத்துச் சொல்லுங்க!”

அம்மா தலை குனிந்தார். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவர் வீட்டிலே இல்லை. மெல்லச் சொன்னார்.

“அவுக தவறி மூணு வருசமாச்சு தம்பி.”

“சூப்பர்! கைதட்டுங்க!”

தட்டினோம், ஐயா. தட்டினோம். இருநூறு பேர் தட்டினோம். தமிழ் கற்பிக்கிற இந்த வாத்தியாரும் தட்டினேன். காதிலே விழுந்தது கருத்திலே ஏறும் முன்பே கை தட்டிவிட்டது. மூன்றாம் தட்டிலே என் கை நின்றது. மண்டபம் நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அழகுத்தாய் அழவில்லை. கை நீட்டி, தம்பியின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“தம்பி, நீங்க எங்கிட்ட நாலு கேள்வி கேட்டீக. நான் ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இப்ப நான் என்ன சொன்னேன்?”

தம்பி சிரித்தார். பிறகு கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். நான் எழுதித் தந்த அட்டை. உலகத்துப் பதில்களெல்லாம் அதிலே உண்டு. அந்த ஒரு பதில் அதிலே இல்லை. சௌந்தரம் அம்மா கடமை தவறாதவர். பத்து நொடி ஆனதும் தாம்பாளத்தைத் தட்டிவிட்டார். டங்ங்ங்!

“அவுக செத்துப்போனாகன்னு சொன்னேன் தம்பி. அதுக்குத்தான் கைதட்டச் சொன்னீக.”

மைக்கை நாற்காலியிலே வைத்தார். பையை எடுத்தார். ஐந்தாவது கேள்வியைக் கேட்காமலே, மெஷினைத் திரும்பிப் பாராமலே, பரளச்சி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தனையும் நேரடி ஒளிபரப்பு!

மறுநாள் தலைவர் ஒரு வேனிலே அந்த மெஷினை ஏற்றினார். முஸாஃபரும் நானும் ஏறினோம். கூப்பிடாமலே தம்பி ஆனந்தகுமாரும் வந்து ஏறினார். பரளச்சி போய்ச் சேர்ந்தோம். அழகுத்தாய் வேனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

“ஜெயிக்கலாம்னு வந்த சாமான் இது. நான் ஜெயிக்கல. நீங்க செஞ்ச தப்புக்கு ஈடா நான் வாங்கிக்கிட்டா, அப்புறம் அத மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கைதட்டுத்தான கேக்கும்? ஏத்திக்கிட்டுப் போங்க.”

அப்போது ஆனந்தகுமார் முன்னே வந்தார். ‘வாவ்’ போயிற்று, ‘சூப்பர்’ போயிற்று. பழைய பேச்சு திரும்பியிருந்தது.

“அக்கா, நீங்க சொன்னது என் காதுலயே ஏறலக்கா. அடுத்து என்ன பேசுறதுன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். வேணும்னு செய்யலக்கா.”

“தெரியும் தம்பி. உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீக, மோரு குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தோம். வேன் ஏறினோம். ஊருக்குள் நுழையும்போது தம்பி, “முஸாஃபர் அண்ணே, எனக்குக் கேமராவப் பிடிக்கக் கத்துக் குடுங்க. மைக்கு வேணாம்” என்றார். அன்று பிடித்த கேமராவை இன்றுவரை இறக்கவில்லை. நன்றாகப் படம் பிடிக்கிறார். பேசுகிறவர் முகத்தைவிட்டுக் கேமரா அசைவதே இல்லை!

அருவிக்கு அறிவிப்பாளர் இல்லை. யாரைக் கேட்டாலும், “அந்தம்மா மறுபடி வந்து கேள்வி கேட்டா?” என்று நழுவினார்கள். முஸாஃபரும் நானும் டீக்கடை வாசலிலே கவலையோடு நின்றோம். அப்போது ஓர் ஆட்டோ வந்தது. மேலே குழாய் ஸ்பீக்கர். உள்ளே தவசி. திருச்சுழி ரோட்டிலே தவசியை அறியாதார் யார்? யார் இறந்தாலும் ஊருக்கு அறிவிப்பவர் அவர்.

“வாத்தியாரய்யா, இந்தக் குரலு கணீர்னு இருக்குல்ல?” என்றார் முஸாஃபர்.

“தம்பி, அது சாவு அறிவிப்பு!”

“அறிவிப்புத்தானய்யா?”

பார்த்தீர்களா பொருத்தத்தை! பரிசு மழைக்கு, பாடை சொல்லும் குரல்! அந்த ஞாயிற்றுக்கிழமை தவசி மேடையேறினார், தொண்டையைச் செருமினார். “இன்று மாலை ஐந்து மணியளவில் அதிர்ஷ்ட அருவி நடைபெற இருப்பதால், உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவரும் கலந்துகொள்ளுமாறு...” அவ்வளவுதான்! ஊரிலே பாதிப் பேர் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பாளையம்பட்டியிலிருந்து ஒருவர் மாலையோடு வந்து, “எப்ப எடுக்குறாக?” என்று கேட்டார். (சிரிக்கிறார், பாருங்கள். அவர் இங்கேதான் இருக்கிறார்!) தலைவர் நெற்றியிலே கை வைத்தார்.

ஆனால், போட்டி தொடங்கியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தவசி பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். பதில் வரும்வரை காத்திருந்தார். வந்ததும், “ரசூல் பீவி. சரியாச் சொன்னேனாம்மா?” என்று மறுபடி கேட்டார். ஊர் கேட்டார், தெரு கேட்டார், எல்லாம் இரண்டு முறை. நிகழ்ச்சி முடிந்ததும், “எதுக்குய்யா ரெண்டு தடவ?” என்றேன்.

“ஒரு தரம் பேர மாத்திச் சொல்லிப்புட்டேன் வாத்தியாரய்யா. உசுரோட உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்தவரு வீட்டுக்கு ஒப்பாரி வைக்க ஆளு போயிருச்சு. அன்னைக்குப் பிடிச்ச பழக்கம் இது. கேட்டது சரிதானான்னு தெரியாம வாயத் தொறக்க மாட்டேன்.”

சிரிப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். சென்னையிலே எந்தப் பள்ளியிலே இந்தப் பாடம் நடத்துகிறார்கள்? சொல்லுங்கள்!

சில வாரங்கள் போயின. தவசிக்காகவே கூட்டம் கூடியது. ஒருநாள் போட்டியாளர் வரிசையிலே பார்க்கிறேன், அழகுத்தாய்! அதே மெஷின், புது மாலை. நான்கு கேள்விகள், நான்கும் சரி. மறுபடியும் அதே இடம். பேச்சுக் கொடுக்க வேண்டிய நேரம்.

“வீட்டுல யாரு யாருக்கா இருக்காக?”

“நானும் மகளுந்தான். அவுக இல்ல.”

தவசி பேசவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, ஐந்து நொடி. தொலைக்காட்சியிலே ஐந்து நொடி அமைதி! முஸாஃபர் ஓரத்திலே நின்று, ‘பேசு, பேசு’ என்று கை ஆட்டுகிறார். தவசி அவரைப் பார்க்கவே இல்லை. அழகுத்தாயைப் பார்த்து, தாழ்ந்த குரலிலே சொன்னார்.

“பரளச்சி மேலத்தெரு சோலைச்சாமி அண்ணன். தொண்ணூத்தி மூணு, ஆடி மாசம். நான்தான்க்கா அறிவிச்சேன்.”

அழகுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மண்டபத்திலே ஒரு கையும் தட்டவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஐந்தாவது கேள்வி. என் கேள்வி! ‘உலகத்திலேயே மிக உயரமான அருவி எந்த நாட்டில் உள்ளது?’ பத்து நொடி ஓடியது. தாம்பாளம் ஒலித்தது.

“தெரியலண்ணே.”

“எனக்குந் தெரியாதுக்கா. வெனிசுலான்னு வாத்தியாரு எழுதியிருக்காரு. அவரும் போயிப் பாத்திருக்க மாட்டாரு.”

மண்டபம் சிரித்தது. அழகுத்தாயும் சிரித்தார். தோற்றுவிட்டுச் சிரித்தார், அவையோரே! ஆறுதல் பரிசாக ஒரு தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். “வருத்தமாம்மா?” என்றேன்.

“மெஷினு போச்சேன்னு வருத்தந்தான். ஆனா, நான் வாயால சொல்ல முடியாத பேர அந்த அண்ணன் ஊரறியச் சொல்லிப்புட்டாக. எம் மக டீவியில கேட்டிருப்பா. வாரேன் வாத்தியாரய்யா, பஸ்ஸு வந்துருச்சு.”

அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், யார் பொருத்தம் என்று! குதிப்பவரா? குலுங்குபவரா? கோட்டுப் போட்டவரா? கூச்சல் போட்டவரா? எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்கத் தெரிந்தவரே அறிவிப்பாளர்! ஐந்து நொடி வாய்மூடி நிற்கத் துணிந்தவரே அறிவிப்பாளர்! நம் தவசிக்கு இன்றைக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். அதை வாங்கத் தகுதியுள்ள தோள் அந்தத் தோள்!

பொருத்தமில்லாமல் இந்த நிகழ்ச்சியிலே ஒருவர் மிச்சம் இருக்கிறார். வெனிசுலா அருவியைப் பற்றிக் கேட்டவர். அவரையும் திருத்தியாக வேண்டும். ஆகவே, என் கேள்விகளையெல்லாம் கிழித்துவிட்டேன். பருத்திக்கு எத்தனையாம் நாள் களை வெட்ட வேண்டும், மிளகாய் வற்றலை எத்தனை வெயில் காயப்போட வேண்டும், கை வைத்த ரவிக்கைக்கு எத்தனை முழம் துணி வேண்டும் என்று புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. ஒவ்வொரு தெருவாகப் போய்க் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும், கத்திரிக்கோல் போடாமல் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், தன் கதையை ஊர் நடுவே சொல்ல இசைந்த ஆனந்தகுமாருக்கும் நன்றி கூறி, இந்தக் கரிசல் மண்ணையும் அதிலே பாடுபடும் மக்களையும் கைகூப்பித் தொழுது அமர்கிறேன். வணக்கம்!