கழிவுமண் மேட்டைக் காடாக்கிய மேலாளர் அம்மையாருக்கு

கரித்தூசி படிந்த காலத்தைக் கடந்து கானகம் கண்ட கண்ணியமே! குழியையும் எங்கள் கோபத்தையும் ஒருசேர நிரப்பிய குணக்குன்றே! வசவையும் வணக்கத்தையும் ஒரே வாயால் எங்களிடம் பெற்ற வனப்பூங்கா மேலாளரே!

தங்கள் பணி ஓய்வுக்கான இம்மடலை எப்படித் தொடங்குவதென்று பணியாளர் அறையில் ஒரு வாரமாகக் குழப்பம். "வருந்துகிறோம்" என்று ஒருவர் எழுத, வாழ்த்துமடலில் வருத்தம் எதற்கு என்று இன்னொருவர் அடித்தார். முடிவுக்கு வர இயலாமல் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய நாளில் தங்கள் வண்டியை வாயிலில் மறித்தவர்கள், இன்று தங்களை வாழ்த்தும் நாங்களேதான். எங்களில் ஒருவரான லாரி ஓட்டுநர் தங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"குழிய மூட வந்துட்டீங்க. எங்க பொழப்புக்கு என்னம்மா வழி?"

"எனக்கும் தெரியலப்பா. காடு வளக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. எப்படின்னு யாரும் சொல்லல. நீங்க மட்டும் போயிடாதீங்க."

எந்த மேலாளரும் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஏய்க்கிறாரா, உண்மையிலேயே தெரியாதவரா என்று விளங்காமல் வழிவிட்டோம்.

சுரங்கம் தோண்டிக் கொட்டிய கழிவுமண் மேட்டில் முதலாண்டு நட்ட கன்றுகள் கருகின. மறு ஆண்டும் அதே கதி. மேட்டில் மரம் வராவிட்டால் திட்டமும் இல்லை, எங்களுக்கு வேலையும் இல்லை என்றது தலைமை அலுவலகம். அதற்குள் மேடெங்கும் பெயர் தெரியாத முட்புதர் மண்டிவிட்டது. மண்வெட்டியோடு நின்ற தோட்டக்கார அக்காவிடம் கேட்டீர்கள்.

"இது களையா, செடியா?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. தெரியாதத எதுக்குப் பிடுங்கணும்? விடுங்க."

ஆய்வுக்கு வந்த அதிகாரி அப்புதரைக் கண்டு எரிந்து விழுந்தார். அத்தனை ஏச்சையும் தாங்களே ஏந்தினீர்கள். எங்கள் பக்கம் ஒரு சொல்லைக்கூடத் திருப்பவில்லை. பிறகு அந்தப் புதர் நிழலில் நட்ட கன்றுகள்தாம் பிழைத்தன! அது தங்கள் அறிவா, அதிர்ஷ்டமா? தேநீர் வேளைதோறும் வாதிட்டோம், இன்றுவரை தீர்ப்பில்லை.

இப்போது அம்மேட்டில் குடும்பம் குடும்பமாக நிழல் தேடி வருகிறார்கள். குழி ஏரியாகி, அதில் நீர்க்கோழி குஞ்சு பொரிக்கிறது. பார்வையாளர் வண்டி ஓட்டும் அதே லாரி ஓட்டுநர், சில நாள் சுரங்கத்தை எண்ணி ஏங்குகிறார். சில நாள் ஒவ்வொரு மரத்தையும் தம் பிள்ளைபோல் காட்டுகிறார். எது தம் மனம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

தங்கள் இடத்துக்கு இன்னும் எவரும் அமர்த்தப்படவில்லை. நேற்று தாங்கள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தபோது தோட்டக்கார அக்கா கேட்டார்.

"நாளையிலேர்ந்து நாங்க யாரக் கேக்குறதும்மா?"

"என்னை ஏன் கேக்குறீங்க? இத்தன வருஷமா நான்தானே உங்களக் கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

சொல்லிவிட்டுத் தாங்கள் சிரித்தீர்களா, அழுதீர்களா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை.

நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் வாழ்க, அம்மா! பொழுது போகாத காலைகளில் இங்கே வந்துவிடுங்கள். தங்களிடம் நுழைவுச்சீட்டுக் கேட்கும் துணிச்சல் எங்களில் எவருக்கும் இல்லை.

விடைகொடுக்கத் தெரியாமல் விழிக்கும்,
வனப்பூங்காப் பணியாளர்கள்