மரத்துக்கு அந்தப் பக்கம்

அக்கா: ...இழுக்காதடா! இன்னும் அளவுக் குச்சியே வைக்கல, அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?

தம்பி: நான் எங்க இழுத்தேன்? டேப் வேர்ல மாட்டிக்கிச்சு.

அக்கா: மாட்டும், மாட்டும். ரோடு கம்பெனிக்காரன் கை பட்டா எல்லாம் தானா மாட்டும்.

தம்பி: ஆரம்பிச்சிட்டியா? வந்து கால் மணி நேரம் கூட ஆகல.

ஆபீசர்: சண்டையை நிறுத்திட்டு அளக்கலாமா? எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்.

அக்கா: சார், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. ரோடு போடற கம்பெனியில சம்பளம் வாங்கறவன், அந்த ரோட்டுக்குக் குறுக்க நிக்கற மரத்தை அளக்கலாமா?

ஆபீசர்: விதி அப்படி மேடம். பெரிய மரப் பட்டியல்ல ஏறின மரத்தை முதல்ல எந்த ரெண்டு பேர் அளந்தாங்களோ, அவங்கதான் மறுபடியும் அளக்கணும். அக்காவும் தம்பியுமா நீங்கதானே அளந்தீங்க?

தம்பி: அப்போ எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இருந்துச்சு சார்.

ஆபீசர்: அது உங்க வீட்டு விஷயம். சுத்தளவு பன்னிரண்டு மீட்டர் இருந்தா ரோடு சுத்திப் போகும். குறைஞ்சா மரத்தை வெட்டுவாங்க. நான் இங்க முனையில நின்னு நம்பரைப் படிக்கிறேன். நீங்க ஆளுக்கொரு பக்கம் போய் டேப் தொங்காமப் பிடிச்சுக்கோங்க.

அக்கா: டேய், நில்லு. மேட்டுப் பக்கம் நீ போகாத, நான் போறேன்.

தம்பி: ஏன்?

அக்கா: மேட்டுல நின்னு ஒரு சாண் தூக்கிப் பிடிச்சா போதும், மரம் இளைச்சிடும். எனக்கு என்ன, தெரியாதா?

தம்பி: எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே, தெரியாம இருக்குமா? போ தாயே, மேட்டுக்கு நீயே போ. பள்ளத்துல சேத்துக்கு நான் இருக்கவே இருக்கேன்.

அக்கா: குச்சியில நெஞ்சு உயரத்துக்குச் சிவப்புக் கோடு இருக்கு. அதுல பிடி. அதுக்கு மேல போச்சு...

தம்பி: போச்சுன்னா என்ன பண்ணுவ? இந்த மரம் இருக்கற பருமனுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கியா, இல்லையான்னே தெரியல.

அக்கா: அதுதான் எனக்கும் பயம்.

ஆபீசர்: பிடிச்சாச்சா? அசையாதீங்க... பதினொண்ணு எண்பத்தெட்டு.

அக்கா: என்னது?

ஆபீசர்: பதினோரு மீட்டர், எண்பத்தெட்டு சென்டி.

அக்கா: பன்னிரண்டு இருபது இருந்த மரம் சார் இது! மரம் வளரும், தேயுமா? சோப்பா இது? டேய், இறுக்கிட்டியாடா?

தம்பி: இறுக்கினா அமுங்கறதுக்கு இது என்ன தலையணையா? இரு... அக்கா, கொடி எங்க?

அக்கா: எந்தக் கொடி?

தம்பி: தொடை தடிமனுக்கு மரத்தைச் சுத்தி அஞ்சாறு கொடி ஏறியிருந்துச்சே. அன்னைக்கு டேப்பை அதுக்கு மேல போட்டுத்தானே அளந்தோம்?

அக்கா: இல்ல. கொடிக்கு அடியில விட்டுத்தான்... எப்பவும் அடியில விட்டுத்தான் அளப்போம்.

தம்பி: எப்பவும் அப்படித்தான். அன்னைக்கு இல்ல. அன்னைக்கு நீ ஓடையில விழுந்து, நனைஞ்ச கோழியாட்டம் எழுந்து நிமிர்ந்து பாத்தே. எதிர்ல இது. 'டேய், செவுருடா, மரமே இல்லடா, செவுரு'ன்னு கத்தினே. ரெண்டு பேரும் மேல பாத்துக்கிட்டேதான் டேப்பைச் சுத்தினோம். கொடியை யாரு பாத்தா?

அக்கா: டேப்பை விடாமப் பிடிடா.

தம்பி: கொடி எங்கக்கா?

அக்கா: வெட்டிட்டேன்.

தம்பி: யாரு?

அக்கா: நான்தான்டா! இறுக்கி இறுக்கிப் பட்டையெல்லாம் புண்ணாக் கெடந்துச்சு. மூச்சு முட்டுதேன்னு ரம்பத்தைத் தூக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா அறுத்தேன். தனியா. கூப்பிட்டா வர்ற ஆளு ரோடு போடப் போயிட்டான்.

ஆபீசர்: அப்போ பழைய அளவே தப்பு.

அக்கா: தப்புன்னு யாரு சொன்னா? இன்னொரு தடவை அளக்கலாம் சார். விதியில ரெண்டு தடவை இருக்கு.

ஆபீசர்: இருக்கு. ரெண்டுல எது கூடவோ அதை எழுதுவோம். ஆனா இதுதான் கடைசி. நான் டேப்பை நேராக்கறேன், நீங்க உங்க இடத்துக்குப் போங்க.

தம்பி: அக்கா... கேக்குதா?

அக்கா: கேக்காம? காது போயிடல எனக்கு.

தம்பி: பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிடுச்சு.

அக்கா: அம்மா சொன்னா.

தம்பி: நீ வந்து பாக்கவே இல்லியே.

அக்கா: உன் வீட்டு வாசல் வரைக்கும் நீ போட்ட ரோடு. அதுல எப்படிடா கால் வைப்பேன்?

தம்பி: இங்க வரும்போது பறந்து வந்தியாக்கும்!

அக்கா: பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. ஏன்டா போன அங்க? அதைச் சொல்லு.

தம்பி: அப்போ வீட்டுல குழந்தை வரப்போகுது. நானும் உன்னை மாதிரி மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே திரிஞ்சா கழுத்துதான் சுளுக்கும்.

அக்கா: சரி, வேற வேலையே இல்லியா உலகத்துல? இந்த வழியாக் கோடு போட்டது நீயா?

தம்பி: கோடு போடறது பெரிய ஆளுங்க. நான் அவங்க சொன்ன எடத்துல முளைக்குச்சி அடிக்கிறவன்.

அக்கா: இங்க அடிச்சியா?

தம்பி: எத்தனையோ எடத்துல அடிக்கிறேன்.

அக்கா: இங்க அடிச்சியாடா?

தம்பி: அடிச்சேன்.

அக்கா: பெரியப்பா காலடியில! இதுக்குப் பெரியப்பான்னு பேர் வச்சவனே நீதானேடா? 'யாரு சொன்னாலும் நகர மாட்டாரு, நம்ம பெரியப்பா மாதிரியே'ன்னு சிரிச்சியே. அந்த வாய் என்ன ஆச்சு? சோறு அடைச்சிருச்சா?

தம்பி: நான் மாட்டேன்னா இன்னொருத்தன் அடிப்பான்க்கா.

அக்கா: அடிக்கட்டுமே! அவன் எனக்குத் தம்பி இல்லியே!

ஆபீசர்: மேடம், ரெடியா? டேப்பைத் தொங்க விடாதீங்க.

அக்கா: இருங்க சார்... ஒரு நிமிஷம். செருப்பு வழுக்குது.

தம்பி: எனக்கும் ஒரு நிமிஷம் சார். எறும்பு.

ஆபீசர்: என்னங்க நீங்க... ஆச்சா?

அக்கா: ஆச்சு.

தம்பி: படிங்க சார்.

ஆபீசர்: பதினொண்ணு... தொண்ணூத்தாறு.

அக்கா: நல்லாப் பாருங்க!

ஆபீசர்: பாத்துட்டேன் மேடம். ரெண்டு விரல் குறையுது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு, ஆனா கையில நம்பர் இருக்கே, நான் என்ன செய்ய? டேப்போட ஒரு போட்டோ எடுக்கணும். முனையை ஆணியில மாட்டிட்டேன். ரெண்டு பேரும் அப்படியே பிடிச்சிட்டு நில்லுங்க, ஜீப்புல கேமரா இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.

தம்பி: அக்கா...

அக்கா: பேசாத.

தம்பி: அவர் போயிட்டாரு. ஒண்ணு சொல்லணும்.

அக்கா: ஒண்ணும் சொல்ல வேண்டாம். ரெண்டு விரல்! ரெண்டே ரெண்டு விரல்டா! கொஞ்சம் தளர விட்டிருந்தா என்ன, உன் குடியா முழுகியிருக்கும்?

தம்பி: நான் இறுக்கலக்கா.

அக்கா: இறுக்கினே! அந்தப் பக்கம் நின்னு முழுப் பலத்தையும் போட்டு இழுத்தே. போ, சந்தோஷமாப் போ. உன் பொண்ணு பெரியவளானதும் இந்த ரோட்டுலயே கூட்டிட்டு வா. இங்கதான் உங்க அத்தையோட மரம் இருந்துச்சு, அப்பாதான் படுக்க வச்சேன்னு காட்டு.

தம்பி: அக்கா, போதும்.

அக்கா: போதாது. இனிமே உன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன், அந்தக் குழந்தை மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன். அம்மா செத்தாக்கூட நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்தான்.

தம்பி: ஐயோ, இப்படி வந்து பாத்துட்டுத் திட்டேன்!

அக்கா: நீ வா. வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு, இறுக்கலன்னு.

தம்பி: வர முடியாதுக்கா. இடது கையை முழங்கை வரைக்கும் டேப்புக்கு அடியில விட்டிருக்கேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்... எடுத்தா டேப் தளர்ந்துடும்க்கா, போட்டோவுல தெரிஞ்சிடும்.

அக்கா: ...

தம்பி: அக்கா? இருக்கியா? ஏன் பேச மாட்டேங்கற?

அக்கா: நானும் விட்டிருக்கேன்டா... ரெண்டு பேர் கையைக் கொடுத்துமாடா பத்தல?