நாலு டாலர் ஸ்டிக்கர்

லொரெய்ன்: …வேவு பாக்கவெல்லாம் வரலப்பா. உன் தபால் என் பெட்டியில விழுந்து கிடந்தது, குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.

ரஸ்: ஒரு மாசத்துக்குள்ள இது மூணாவது தபால், லொரெய்ன்.

லொரெய்ன்: தபால்காரனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, நான் என்ன பண்ண? இந்தா. ஆல்டன்பரி பல்கலைக்கழகம்னு போட்டிருக்கு. உள்ள நாலு தாள்.

ரஸ்: நாலுன்னு எப்படி…

லொரெய்ன்: விரலுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமா பக்கத்து வீடு, இதுகூடத் தெரியலன்னா எப்படி? அது கிடக்கட்டும். அரை மணி நேரமா ஒரே கண்ணாடியப் போட்டுத் தேய்க்கிறியே, உன் வண்டிக்குப் பின் கண்ணாடி வேணுமா வேணாமா?

ரஸ்: ஜன்னல் வழியா பாத்துட்டிருந்தீங்களா?

லொரெய்ன்: செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன்.

ரஸ்: அது பிளாஸ்டிக் செடி.

லொரெய்ன்: தூசி போகணும்ல! பேச்ச மாத்தாத. கையில என்ன அது?

ரஸ்: ஸ்டிக்கர். காலேஜ் பேரு போட்டது, வண்டியில ஒட்ட. ஆல்டன்பரிய சுத்திப் பாக்கப் போனப்போ டெஸ்ஸா அங்கயே கடையில வாங்கிட்டு வந்தா. நாலு டாலர்.

லொரெய்ன்: உன் பொண்ணு ஆல்டன்பரிக்கா போறா? முடிவே ஆயிடுச்சா? தெருவுல ஒருத்தருக்கும் தெரியாதே! எனக்கே தெரியாதே!

ரஸ்: உங்களுக்கே தெரியலன்னா இன்னும் முடிவாகலன்னு அர்த்தம். இன்னைக்கு மே ஒண்ணு, சேர்றேன்னு சொல்லக் கடைசி நாள். சமையலறையில கம்ப்யூட்டரத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "அப்பா, நீங்க போய் ஸ்டிக்கர ஒட்டுங்க, நான் பொத்தான அமுக்கிடுறேன்"ங்கிறா.

லொரெய்ன்: அப்போ ஒட்டேன். கண்ணாடியோட எதுக்கு மல்லுக்கட்டுற?

ரஸ்: உக்காந்து கூட்டிப் பாத்தேன். அதான்.

லொரெய்ன்: எவ்வளவு வருது? …சும்மா கேட்டேன். சொல்லணும்னு இல்ல. எவ்வளவு?

ரஸ்: வருஷத்துக்கு எண்பத்து நாலாயிரம். அதுல அவங்களே நாப்பத்தொண்ணு தள்ளுபடி குடுக்குறாங்க.

லொரெய்ன்: நாப்பத்தொண்ணா! பொண்ணு கெட்டிக்காரிதான்.

ரஸ்: விசாரிச்சேன். அனேகமா எல்லாருக்கும் ஏதாவது தள்ளுபடி உண்டாம். மெத்தைக் கடை மாதிரி, விலைய ஏத்திப் போட்டுட்டு அப்புறம் குறைக்கிறது. மிச்சம் நாப்பத்து மூணு. வீட்ல நானும் கேரலும் வாயக் கட்டி வயித்தக் கட்டி எட்டு போடலாம். அவ பேர்ல அஞ்சரை கடன் கிடைக்கும். மீதி பெத்தவங்க கடன், என் பேர்ல. நாலு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் பக்கம் வருது. வட்டி தனி.

லொரெய்ன்: உனக்கு இப்ப வயசு…

ரஸ்: அம்பத்தொண்ணு. போன மாசம் கேக் சாப்பிட்டீங்களே, மறந்துருச்சா? நிதானமாக் கட்டினா எழுபத்தஞ்சுல முடியும். அதுவரைக்கும் நான் லாரி ஓட்டணும்.

லொரெய்ன்: அப்போ ஸ்டேட்டுக்கு அனுப்பு.

ரஸ்: என்னது?

லொரெய்ன்: ஸ்டேட் யுனிவர்சிட்டி. வண்டியில இருபத்தஞ்சு நிமிஷம். வீட்ல இருந்தே போயிட்டு வரலாம். உன் சமையல் மோசம்தான், ஆனா காசு கேக்காதுல்ல.

ரஸ்: பன்னெண்டாயிரத்துல முடிஞ்சிரும், தெரியும். ஆனா லொரெய்ன், நீங்களா இத சொல்றது? எதிர்வீட்டு ட்ராவிஸ் காலேஜ் போகாம ப்ளம்பிங் கத்துக்கப் போறான்னு தெரிஞ்சதும் அவங்க வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனது யாரு?

லொரெய்ன்: துக்கம் எல்லாம் இல்ல. கேக்தான் எடுத்துட்டுப் போனேன். அவன் அம்மா அழுதுட்டிருந்தா.

ரஸ்: வெங்காயம் நறுக்கிட்டிருந்தா. இப்ப அவன் வாசல்ல படகு நிக்குது.

லொரெய்ன்: அதுக்குப் பேரு படகா? குளிக்கிற தொட்டிக்கு மோட்டார் வெச்ச மாதிரி…

ரஸ்: கடன் இல்லாத தொட்டி.

லொரெய்ன்: அந்தத் திண்டு காஞ்சிருக்கா?

ரஸ்: காஞ்சுதான் இருக்கு. ஏன்?

லொரெய்ன்: முட்டி வலிக்குது. அந்தத் திண்டுல கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

ரஸ்: உக்காருங்க. ஆபரேஷன்னு சொன்னீங்களே, ரெண்டு வருஷம் ஆச்சே?

லொரெய்ன்: அந்த டாக்டருக்குக் கை நடுங்குது. வேற ஆளு பாக்கணும். சரி, பொண்ணுகிட்ட சொல்லு, ஆல்டன்பரியில சாப்பாடு சகிக்காதுன்னு. சுவரெல்லாம் பூஞ்சை. குளிர்காலத்துல ஹீட்டர் ஓடாது. என் பையன் டெரிக் முதல் வருஷம் மூணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் தூங்கினான்.

ரஸ்: அதையும் சொல்லிப் பாத்தேன். "டெரிக்கும் அங்கதானே படிச்சான், என்ன கெட்டுப் போச்சு?"ங்கிறா.

லொரெய்ன்: டெரிக் பேச்சு இதுல எங்க வந்துது?

ரஸ்: எல்லாமே டெரிக்தான், லொரெய்ன். அதே ஆல்டன்பரி, அதே ஊடகத் துறை. கொலம்பஸ்ல கண்ணாடிக் கட்டடம், பதினாலாவது மாடி. வருஷம் தொண்ணூறாயிரம் சம்பளம். நான் ஒரு கணக்கு சொன்னா அவ இந்தக் கணக்க எடுத்து நீட்டுறா. "நானும் தொண்ணூறு சம்பாதிச்சா அஞ்சே வருஷத்துல உங்க கடன அடைச்சிருவேன்ப்பா. மிஸஸ் பெட்ரோஸ்கியே சொல்லிருக்காங்க."

லொரெய்ன்: நான் எப்ப சொன்னேன் அவகிட்ட?

ரஸ்: எப்ப சொல்லல? ஹாலோவீனுக்கு மிட்டாய் குடுக்கும்போது சொன்னீங்க. கராஜ்ல பழைய சாமான் விக்கும்போது சொன்னீங்க. கேரலோட அம்மா சாவுக்கு வந்தப்போ சவப்பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு சொன்னீங்க.

லொரெய்ன்: அது… ஆறுதலுக்கு ஏதாவது பேசணும்னு…

ரஸ்: அவளுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். உங்க கார் பின்னாடி ஒட்டிருக்க ஸ்டிக்கரக் காட்டி, "அது என்னப்பா?"ன்னு கேட்டா. "நல்லாப் படிச்சா அந்த மாதிரி ஒண்ணு நம்ம வண்டியிலயும் ஒட்டலாம்"னேன். "எங்க இடம் கிடைச்சாலும் அனுப்புவீங்களா?" "அனுப்புறேன்." என் வாய் அப்பவே அடைச்சுப் போயிருக்கணும். அடுத்த வருஷமே நான் வேலை பாத்த ஆலைய மூடினாங்க. சேத்து வெச்சதெல்லாம் வீட்டுக் கடனுக்குப் போச்சு. அவ மட்டும் நான் சொன்னத அப்படியே பத்திரமா வெச்சிருக்கா.

லொரெய்ன்: பிள்ளைங்க அப்படித்தான். நாம எத மறக்கணுமோ அதத்தான் ஞாபகம் வெச்சிருக்கும்.

ரஸ்: ஒண்ணு பண்ணலாமா? செவ்வாய்க்கிழமைதோறும் லாரியோட கொலம்பஸ் போறேன்ல. டெரிக் ஆபீசுக்கே போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு…

லொரெய்ன்: வேணாம் வேணாம்! அங்க எல்லாரையும் உள்ள விட மாட்டாங்க. அட்டை கேப்பாங்க. அவன் மீட்டிங்ல இருப்பான்.

ரஸ்: செவ்வாய்க்கிழமை வேணாம்னா விடுங்க. இன்னைக்குத்தானே கடைசி நாள், போனாவது போடுங்களேன். டெஸ்ஸாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசட்டும்.

லொரெய்ன்: சனிக்கிழமையில அவன் எடுக்க மாட்டான்.

ரஸ்: அப்போ இருக்கறத வெச்சுத்தான் முடிவு பண்ணணும். இந்தாங்க, நீங்க கொண்டு வந்த கவர்லயே இருக்கு பாருங்க. "படிப்பு முடிச்ச ஆறு மாதத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் பணியில் அமர்ந்துள்ளனர்." பளபளன்னு தாள். தொண்ணூத்தி நாலுன்னா நல்ல எண்தானே, லொரெய்ன்?

லொரெய்ன்: அந்தத் தொண்ணூத்தி நாலுல டெரிக்கும் ஒருத்தன்.

ரஸ்: ஆமா. பதினாலாவது மாடி.

லொரெய்ன்: காபி ஊத்திட்டிருந்தான், ரஸ். ஆறாவது மாசம் பல்கலைக்கழகத்துல இருந்து போன் வந்துது. "வேலையில இருக்கீங்களா?" "இருக்கேன்." "நன்றி." அவ்வளவுதான். என்ன வேலைன்னு கேக்கல. அப்புறம் சம்பளம் எவ்வளவுன்னு எழுதச் சொல்லி ஒரு தாள் வந்துது. அவன் அத நாலா மடிச்சு ஆடுற மேஜைக்கு அண்டக் குடுத்துட்டான். நல்லா சம்பாதிக்கிறவன்தான் அத நிரப்பி அனுப்புவான். அதக் கூட்டி சராசரின்னு போடுறாங்க. நீ பளபளன்னு படிக்கிற.

ரஸ்: அப்போ… கண்ணாடிக் கட்டடம்?

லொரெய்ன்: கட்டடம் நெஜம். அதுக்கு நேர் எதிர்லதான் காபிக்கடை. ஒரு வருஷம் அங்க இருந்தான். இப்ப ஊருக்கு வெளிய ஒரு குடோன்ல பெட்டி எண்ணுறான். மணிக்குப் பத்தொம்பது டாலர். நல்ல பையன் ரஸ், ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஆனா பத்தொம்பது.

ரஸ்: தொண்ணூறுன்னு சொன்னீங்களே.

லொரெய்ன்: தொண்ணூறுதான்! அது என் பேர்ல இருக்க கடன். மருந்துக்கடை கல்லாவுல நின்னுட்டிருந்தேன். ட்ராவிஸோட அம்மா வந்து, "டெரிக் எவ்வளவு வாங்குறான்?"னு வரிசையில எல்லாரும் கேக்க சத்தமாக் கேட்டா. அன்னைக்குக் காலையிலதான் கடன் காகிதம் வந்திருந்தது. தலைக்குள்ள அந்த ஒரு எண்தான் ஓடிட்டிருந்தது, அது வாயில வந்துருச்சு. ஒருதடவ வந்தத உள்ள தள்ள முடியல. தள்ள நான் ஆசைப்படவும் இல்ல.

ரஸ்: கல்லா வேலையே வீட்ல பொழுது போகலன்னு பாக்குறதா…

லொரெய்ன்: அறுபத்தெட்டு வயசுல எவளுக்கு எட்டு மணி நேரம் நின்னாத்தான் பொழுது போகும்? மாசம் எழுநூத்தி நாப்பது கட்டணும். முட்டிய வெட்டினா ரெண்டு மாசம் நிக்க முடியாது. ரெண்டு மாசத் தவணைய அந்த டாக்டரா வந்து கட்டுவாரு? பாவம், அவரு கை நடுங்கவே இல்ல. நல்ல டாக்டர்.

ரஸ்: உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதான்…

லொரெய்ன்: எட் வேணாம்னான். அத விடு, டெரிக்கே வேணாம்னான். உனக்குத் தெரியுமா? ஸ்டேட்ல படிப்புச் செலவு முழுசையும் அவங்களே ஏத்துக்கிறோம்னு கடிதம் வந்திருந்தது. "அம்மா, நான் இங்கயே போறேனே, சாயங்காலம் அப்பாவோட கடையில நிக்கலாம்"னான். நான்தான், "பக்கத்து ஊருக்குப் போறதுக்கா இவ்வளவு படிச்ச?"ன்னு கேட்டேன். அன்னைக்கு மே ஒண்ணு. பொத்தான அவன் அமுக்கல, ரஸ். நான் அமுக்கினேன். ஸ்டிக்கரும் நான் வாங்கினதுதான். அவன் கார்ல அது கிடையாது, பாத்திருக்கியா? ஒரு நாளும் ஒட்டல.

ரஸ்: …பாத்திருக்கேன்.

லொரெய்ன்: போய் உன் பொண்ணுகிட்ட சொல்லு. பக்கத்து வீட்டுக் கிழவி பொய்க்காரின்னு சொல்லு.

ரஸ்: நான் சொன்னா நம்ப மாட்டா. காசில்லன்னு சொல்ல வெக்கப்பட்டு அப்பா கதை கட்டுறாருன்னு நெனப்பா. நேத்து நேராவே கேட்டுட்டா, "அவங்கள மாதிரி உங்களுக்கும் பெத்த பிள்ளைமேல நம்பிக்கை இருந்தா என்ன?"ன்னு.

லொரெய்ன்: அய்யோ… "அவங்கள மாதிரி"யா?

ரஸ்: உங்கள மாதிரி.

லொரெய்ன்: நீ என்ன கேக்குறேன்னு புரியுது. உள்ள போய், அந்தச் சின்னப் பொண்ணு எதிர்ல உக்காந்து, என் வாயால… நாளைக்கே தெரு பூரா தெரிஞ்சிருமே ரஸ்.

ரஸ்: தெருவுக்கு யாரு சொல்லுவா? சொல்ற ஆளே நீங்கதானே.

லொரெய்ன்: இந்த நேரத்துலயும் உனக்கு நக்கல்! …அவ அழுவா.

ரஸ்: அழட்டும். இன்னைக்கு அழுதா ஒரு நாளோட போகும். அவளுக்குக் குடுத்த வாக்க நான் மீறுறேன், அது எனக்கு எத்தனை நாளோட போகும்னு தெரியல. அது என் பாடு.

லொரெய்ன்: கைய நீட்டு, எழுந்துக்கிறேன். மெதுவா… ஆங். அந்த ஸ்டிக்கர என்ன பண்ணப் போற?

ரஸ்: கடையில திருப்பி வாங்க மாட்டாங்க. நாலு டாலர்தானே.

லொரெய்ன்: கண்ணாடி சுரண்டுற பிளேடு இருந்தா எடுத்து வை. திரும்பிப் போகும்போது வாங்கிக்கிறேன். என் கார்ல பத்து வருஷமா வெயில்ல காஞ்சு கிடக்கு, லேசுல வராது. …ஏம்ப்பா ரஸ்.

ரஸ்: சொல்லுங்க.

லொரெய்ன்: இவ்வளவு சொன்னேன். ஒரு "அடக் கடவுளே" உன் வாயில இருந்து வரல. உனக்கு ஏன் தூக்கிவாரிப் போடல?

ரஸ்: செவ்வாய்க்கிழமை என் லாரியில இருந்து சரக்க இறக்கி எண்ணுறதே டெரிக்தான், லொரெய்ன். ரெண்டு வருஷமா. முதல் நாளே என்னத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டான்: "தெருவுல அம்மா என்ன சொல்றாங்களோ அது அப்படியே இருக்கட்டும், அங்கிள், அது ஒண்ணுதான் அவங்ககிட்ட மிச்சம் இருக்கு." அவனுக்கு வாக்குக் குடுத்துட்டேன், என் வாயால சொல்ல வழியில்ல. அதான் இன்னைக்கு நீங்களா வர்ற வரைக்கும், உங்க ஜன்னலுக்கு நேரா நின்னு இந்தக் கண்ணாடியத் தேய்ச்சிட்டிருந்தேன்.