எங்கள் மண்ணுக்கு ஆகாத சக்கரம்

நாற்று முற்றிவிட்டால் பிடுங்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும், ஐயா. இளநாற்று இழுத்ததும் வந்துவிடும். முற்றினது மண்ணைப் பிடித்துக்கொண்டு முரண்டு பண்ணும், நட்டாலும் தூர் கட்டாது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

நான் வந்தது வில்லியனூரில் இருக்கிற அந்த டிராக்டர் சாமான் கடையின் மேல் புகார் கொடுக்க. தப்பான உருப்படியைக் கொடுத்துவிட்டு, அதுதான் சரி என்று இன்றைக்கும் சாதிக்கிறார்கள். ஏட்டையா மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

பெயர் தணிகைவேல், ஊர் குருவிநத்தம். எங்கள் தெருவில் முதன்முதலில் டிராக்டர் வாங்கியவன் நான்தான். வாங்கிய கையோடு உழவு மாடுகளை விற்றுவிட்டேன். "மாடு ஒரு ஓரமா நின்னுட்டுப் போவட்டுமே" என்று என் சம்சாரம் சின்னபொண்ணு சொன்னாள். ஆனால் டீக்கடையில் பத்துப் பேர் கேட்க, இனிமேல் மாட்டு வாலைப் பிடிக்கிறவன் மடையன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சொன்ன பிறகு வீட்டில் எப்படி மாட்டைக் கட்டுவது?

சேற்றுழவுக்கு டயர் ஆகாது. அதைக் கழற்றிவிட்டு கேஜ் வீல் மாட்ட வேண்டும். கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம், சுற்றிலும் சாய்வாகப் பட்டைகள் வைத்திருக்கும். அந்தப் பட்டைகள்தான் சேற்றைக் குத்திப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளும். ஒரு ஜோடியை சௌந்தரராஜன் கடையில் எடுத்தேன். கடைக்கு முதலாளி அவர். தங்கமான மனுஷன், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆள் அனுப்பி மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிராக்டர் வாங்கத் தெரிந்தவனுக்குச் சக்கரம் மாட்டத் தெரியாதா?

ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் என் ஆள் ராசுவும் மாட்டினோம். வண்டி வயலில் இறங்கி ஒரு சால்கூட முழுசாகப் போகவில்லை. பட்டைகள் சேற்றைத் தள்ளாமல் அள்ளி அள்ளி அப்பிக்கொண்டன. சக்கரம் மண் உருண்டையாகி, இருந்த இடத்திலேயே குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அது இந்தப் புகாருக்கு வேண்டாம். நான் வரப்பேறி, "கடைக்காரன் வேற சக்கரத்தத் தலையில கட்டிட்டான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆள்.

"இன்னாண்ணே, உழவு ஓடுதா?" என்றார் சௌந்தரராஜன்.

"எங்க ஓடுது. தப்பான உருப்படி, மொதலாளி. மாத்திக் குடுங்க."

அவர் யோசிக்கக்கூட இல்லை. "பக்கம் மாத்திப் போட்டிருப்பீங்கண்ணே. செவப்புப் புள்ளி வெச்சது சோத்தாங்கை பக்கம் வரணும். புள்ளி இல்லாதது பீச்சாங்கை பக்கம். மொதத் தடவ எல்லாரும் பண்றதுதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கேலியாக இல்லை, ஆறுதலாகத்தான். அந்த ஆறுதல்தான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியொன்றும் நான் மாற்றிப் போடவில்லை என்றேன். சேற்றில் இறங்கிய உருப்படியைத் திருப்பி எடுக்க மாட்டோம், ஆனால் நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

திரும்பி வந்து வயலில் பார்த்தேன். புள்ளி பீச்சாங்கை பக்கம் இருந்தது. பெயிண்ட் அடிக்கிறவன் அவசரத்தில் எந்தச் சக்கரத்தில் வேண்டுமானாலும் புள்ளி வைப்பான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்பீர்கள், மாற்றிப் போட்டுத்தான் பார்த்திருக்கலாமே என்று. சின்னபொண்ணும் அதையேதான் கேட்டாள். வண்டி நிற்பது வயலின் மூலையில், ஊர் நடக்கிற வரப்புக்குப் பக்கத்தில். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆள் வைத்து, ஊர் பார்க்க மாற்ற வேண்டும். மாற்றி அது ஓடிவிட்டால்? நான் சொன்னது என்ன ஆகும்? பக்கத்து வயல்காரர் சூசைநாதன் நல்ல மனசோடு வந்து, "என் ஏர ஓட்டிக்கப்பா" என்றார். மாட்டு வாலைப் பிடிக்கிறவனைப் பற்றி நான் சொன்னதை அவர் மறந்திருந்தார். நான் மறக்கவில்லை. வேண்டாம் என்றேன்.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வருகிறது, என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும், மறுபடி சுற்றி வருவதற்குள் நாற்று வைக்கோலாகிவிடும். மாடு இல்லை. வண்டி குழியில். வீட்டில் சின்னபொண்ணு பேசுவதை நிறுத்திவிட்டாள். வெளியே போனால், "இன்னா தணிகைவேலு, சக்கரம் இன்னா சொல்லுது?" என்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழியில்லை, ஐயா. ஒரே ஒரு வழிதான் இருந்தது. சௌந்தரராஜன் தன் வாயால், சக்கரம் தப்பு என்று சொல்ல வேண்டும்.

சொன்னபடி அவர் வந்தார். என் தண்ணீர் முறை வந்த அன்றைக்கே, பைக்கில், ஸ்பேனர் பையோடு வந்தார். வெள்ளைச் சட்டை. நல்ல வெயில், வரப்பில் யாரும் இல்லை. ராசுவை கிரீஸ் வாங்க பாகூருக்கு அனுப்பியிருந்தேன். கிரீஸ் வீட்டிலேயே இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

அவர் சக்கரத்தைப் பார்த்ததுமே, "நான் சொன்னதுதாண்ணே, கழட்டி மாத்திடலாம்" என்று பையைத் திறந்தார். முதலில் வண்டியைக் குழியிலிருந்து ஏற்றுவோம், பிறகு கழற்றலாம் என்றேன். அது நியாயமான பேச்சு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முடுக்கினார். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

வரப்பில் சவுக்குக் கட்டை ஒன்று கிடந்தது. நான்தான் போட்டு வைத்திருந்தேன். அதைப் பின்சக்கரம் இரண்டுக்கும் குறுக்கே, முன்பக்கமாக வைத்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டினேன். சக்கரம் சுற்றும்போது கட்டை அடியில் போய் வண்டியைத் தூக்கிவிடும் என்று சொன்னேன்.

"இப்டிக் கட்னா ஆவுமாண்ணே?" என்று கேட்டார்.

"வயல்ல எல்லாரும் பண்றதுதான், மொதலாளி" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். கடை விஷயம் அவருக்கு, வயல் விஷயம் எனக்கு என்று விட்டுவிட்டார். இத்தனை நாளில் என் பேச்சை அவர் அப்படியே எடுத்துக்கொண்டது அப்போதுதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

போன வருஷம் பண்டசோழநல்லூரில் இதே மாதிரி கட்டை கட்டி ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். கட்டை சேற்றில் மாட்டிக்கொண்டால் சக்கரத்தால் சுற்ற முடியாது. சக்கரம் சுற்றாவிட்டால் வண்டிதான் சுற்றும், முன்பக்கம் எழும்பி அப்படியே பின்னால் கவிழ்ந்துவிடும். அந்த டிரைவரைப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

கிளட்ச்சை மெதுவாக விடாதீர்கள், ஒரே விடாக விடுங்கள் என்று சொன்னேன். விட்டார்.

அடி அதிகம் படவில்லை. சேறு வாங்கிக்கொண்டது. மட்கார்டு இடுப்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது, மல்லாந்து கிடந்தார், முகமும் நெஞ்சும் வெளியே. கவிழ்ந்த வண்டியில் சக்கரங்கள் மேலே நின்றன. அந்தச் சிவப்புப் புள்ளி வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும் போலிருந்தது. முதலில் அதன் மேல் சேற்றை அப்பி மூடினேன். பிறகு அவர் தலைமாட்டில் குந்தினேன்.

"மண்வெட்டிய எடுத்துத் தோண்டுண்ணே" என்றார். நிதானமாகத்தான் சொன்னார்.

"சக்கரம் தப்புதானே, மொதலாளி?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தப்புதாண்ணே. என் மேலதான் தப்பு. வேற ஜோடி தரேன். தோண்டு."

சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது, ஐயா. இதற்காகத்தானே இத்தனையும். கேட்க யாரும் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்த பிறகு கடையில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்போது சொன்னேன் என்று சிரித்தால் நான் என்ன செய்வேன்? மறுபடி கேட்டேன். மறுபடியும் சொன்னார். பிறகு பிள்ளைகள் பெயரையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அப்படிச் சொல்கிறவன் சக்கரத்தைப் பற்றி மனசாரத்தான் சொன்னானா என்பது எப்படித் தெரியும்?

அப்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. என் முறை. எங்கள் பக்கம் முறைத் தண்ணீரை யாரும் விட மாட்டார்கள். சாவு வீட்டிலிருந்துகூட எழுந்து வந்து மடையைத் திறந்துவிட்டுப் போவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மண்வெட்டியை எடுத்தேன். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தோண்டத்தான் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் போய் மடையை வெட்டிவிட்டேன்.

வயலுக்கு அதிகத் தண்ணீர் வேண்டியதில்லை. சாண் உயரம் நின்றால் போதும். வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் நாலு மூலைக்கும் சமமாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பிறகு இல்லை. கட்டையை அவிழ்த்து வாய்க்காலில் விட்டேன். ராசு கிரீஸோடு வரும்போது அங்கேயேதான் இருந்தேன்.

நீங்கள் எல்லாரும் விபத்து என்று எழுதினீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நான் இன்று வரவில்லை.

தப்பான சக்கரத்தை விற்றவனே அதில் செத்தான் என்று ஊரில் பேச்சு வந்தது. நான் சொன்னது நின்றது. சின்னபொண்ணுகூடச் சோறு போடும்போது ஒரு வார்த்தை பேசினாள். நன்றாகத் தூங்கினேன். அதைக் கெடுக்கத்தான் அவர் தம்பி நாகராஜன் வந்தான், காரியம் முடிந்ததும் மொட்டைத் தலையோடு. அண்ணன் பேரைக் காப்பாற்ற வேண்டுமாம். நீங்கள் நிமிர்த்தி விட்டுப்போன வண்டியின் சக்கரங்களைக் கழற்றி வாய்க்காலில் கழுவினான். புள்ளியைக் கண்டுபிடித்தான். பக்கம் மாற்றி மாட்டி ராசுவை ஓட்டச் சொன்னான். வரப்பு முழுக்க ஆள். வண்டி போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, வயல் முழுவதையும் உழுதுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சின்னபொண்ணும் பார்த்தாள். அன்றே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சேற்றிலேயே நட்டாயிற்று. முற்றிய நாற்றுதான், இருந்தாலும் பச்சை பிடித்துவிட்டது. நடவுப் பெண்கள் அந்த ஒரு மூலையில் மட்டும் இறங்க மாட்டோம் என்றார்கள். அதை நானே நட்டேன்.

ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டார். பரவாயில்லை, மடையைப் பற்றியதும் கட்டையைப் பற்றியதும் அப்படியே இருக்கட்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேலே, முதல் வரியில், நான் சொல்ல வந்ததை எழுதுங்கள். வண்டி ஒரு நாள் ஓடிவிட்டது என்பதற்காக ஒன்றும் இல்லை. அது எங்கள் மண்ணுக்கு ஆகாத சக்கரம். சௌந்தரராஜனே என்னிடம் சொன்னார், இரண்டு தரம்.